செவில்லியில் அழுத நடுவர்

2025 ஏப்ரல் 25, செவில்லி. மறுநாள் ஸ்பெயினின் அரசர் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். ரியல் மாட்ரிட்டும் பார்சலோனாவும் மோதுகின்றன. ஆட்டத்தை நடத்தவிருந்த நடுவர் ரிக்கார்டோ டி புர்கோஸ் பெங்கோச்சியா செய்தியாளர்கள் முன் உட்கார்ந்திருந்தார். ரியல் மாட்ரிட்டின் சொந்தத் தொலைக்காட்சி நடுவர்களைக் குறிவைத்து ஒளிபரப்பிவந்த காணொளிகளைப் பற்றிக் கேள்வி வந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தன் மகனிடம் உன் அப்பா திருடன் என்று சொல்கிறார்கள், பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான் என்றார். அப்பா நேர்மையானவர், தவறு எல்லாருக்கும் நேரும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதாகப் பேசும்போது குரல் அடைத்தது. கேமராக்களுக்கு எதிரிலேயே அழுதார்.

அன்று மாலை ரியல் மாட்ரிட் தன் பயிற்சியையும் செய்தியாளர் சந்திப்பையும் ரத்து செய்தது. நடுவர்களின் பேச்சில் தங்கள் மீதான பகை தெரிகிறது என்று அறிக்கை விட்டது.

ஒரு கிளப் தன் தொலைக்காட்சியில் தன் கட்சியைப் பேசுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். மனத்தை உறுத்துவது வேறு. கிளப்புக்குச் சொந்தமில்லாத, பொதுமக்களுக்காக நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஊடகங்களும் அதே பக்கம் சாய்ந்து நிற்பது அறமா? அறமில்லை. புகழ்பெற்ற அணிக்குச் சாதகமாகச் சாய்கிற ஊடகம் மற்ற அணிகளுக்குச் சேர வேண்டியதை எடுத்து அந்த அணிக்குக் கொடுக்கிறது.

ஸ்பெயினில் பரவலாக விற்கும் விளையாட்டு நாளேடுகள் நான்கு. மார்காவும் ஆஸும் மாட்ரிட்டில் வெளியாகின்றன. முண்டோ டெப்போர்ட்டிவோவும் ஸ்போர்ட்டும் பார்சலோனாவில். முதல் பக்கத்தில் எந்த அணி இருக்கும் என்பதை ஊர்ப் பெயரை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரவு நேரத் தொலைக்காட்சி விவாதங்களில் உட்காருகிறவர்களும் இன்ன அணியின் ஆதரவாளர் என்றே அறியப்படுகிறார்கள். முதல் பிரிவில் இருபது அணிகள் ஆடுகின்றன. அதில் பதினெட்டு அணிகளின் வெற்றி, ரியல் மாட்ரிட், பார்சலோனா இரண்டில் ஒன்றைத் தோற்கடித்தால்தான் பெரிய செய்தியாகிறது. அப்போதும் தலைப்பு, பெரிய அணி ஏன் தோற்றது என்பதுதான். சின்ன அணி எப்படி வென்றது என்பது உள்பக்கத்துக்குப் போய்விடுகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை நுகத்தடியின் நடுவில் அடித்த ஆணிக்கு ஒப்பிடுகிறார். கொள்ளும்போது அதிகம் கொள்ளாதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்கிறார். நடு ஆணி ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு மாட்டின் கழுத்தில் பாரம் ஏறும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அங்கே அவர் காட்டுவது தராசு. எடை போடும் முன் அது தானே சமமாக நிற்க வேண்டும். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணச் சொல்கிறது. செய்தி விற்பதும் வணிகம்தான். ஒரு சிற்றூர் அணியின் பத்து மாத உழைப்பு பத்திரிகையாளரின் கையில் இருக்கும் பிறர் பொருள். அதற்குரிய இடத்தைக் கொடுக்காமல் விடுவது எடையில் கை வைப்பதற்குச் சமம்.

இது வெறும் மனவருத்தம் அல்ல, பணம். 2015 வரை ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் தன் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்றது. ரியல் மாட்ரிட்டும் பார்சலோனாவும் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 கோடி யூரோ பெற்றன. கடைசி வரிசை அணிகளுக்கு 2 கோடிகூடத் தேறவில்லை. அந்த ஆண்டு அரசு ஓர் ஆணை போட்டு உரிமைகளைச் சேர்த்து விற்க வைத்தது. இப்போது முதல் பிரிவின் பங்கில் பாதி எல்லாருக்கும் சமம், கால் பங்கு ஆட்ட முடிவுகளுக்கு. மிச்சக் கால் பங்கு மக்களிடம் உள்ள செல்வாக்குக்கு. செல்வாக்கு என்பதன் பெரும்பகுதி எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. யாரைப் பார்க்க வேண்டும் என்று தினமும் சுட்டிக்காட்டுவது யார்? முதல் பக்கம் பார்வையாளரைச் சேர்க்கிறது, பார்வையாளர் பணத்தைச் சேர்க்கிறார், பணம் நட்சத்திர வீரரை வாங்குகிறது, நட்சத்திரம் மறுபடி முதல் பக்கத்துக்கு வருகிறார்.

அந்தச் சுற்றுக்கு வெளியே நின்ற ஊர் எய்பார். பாஸ்க் மலைப்பகுதியில் சுமார் 27,000 பேர் வாழும் தொழில் நகரம். அதன் அணி 2014-இல் முதன்முறையாக முதல் பிரிவுக்கு உயர்ந்தது. கடன் இல்லாத கிளப். ஆனாலும் விதிப்படி சுமார் 17 லட்சம் யூரோ கூடுதல் மூலதனம் காட்டாவிட்டால் கீழே தள்ளப்படும் நிலை. உலகத்தின் பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் சிறு சிறு பங்குகளாக வாங்கித் தொகையை நிரப்பினார்கள். ஏழு பருவங்கள் முதல் பிரிவில் தாக்குப்பிடித்தது எய்பார். அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு தேவதைக் கதையைப் போல ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த நாள் ரொனால்டோவுக்கும் மெஸ்ஸிக்கும் திரும்பிவிட்டார்கள்.

வாசகர் கேட்பதைத்தானே கொடுக்கிறோம் என்பது பத்திரிகைகளின் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோடிப் பேர் நேசிக்கும் அணிக்குக் கூடுதல் பக்கம் கிடைப்பது இயல்பு. அரிஸ்டாட்டிலும் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் பங்கீடு தகுதிக்கேற்ப இருக்க வேண்டும் என்றே வாதிட்டார். ஆனால் எது தகுதி என்பதில்தான் மனிதர் சண்டையிடுகிறார்கள் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். விளையாட்டில் தகுதி புல்தரையில் தீர்மானமாகிறது. கூடுதல் பக்கத்துக்குப் புகழ் காரணமாகலாம். கூடுதல் நம்பிக்கைக்குக் காரணமாகாது.

2023 பிப்ரவரியில் வெளிவந்த நெக்ரெய்ரா விவகாரத்தில் இந்த வேறுபாடு உயிர் பெற்றது. நடுவர் குழுவின் துணைத் தலைவராக இருந்த நெக்ரெய்ராவின் நிறுவனங்களுக்கு 2001 முதல் 2018 வரை பார்சலோனா 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்திருந்தது. ஆலோசனை அறிக்கைகளுக்கான கட்டணம் என்கிறது கிளப். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் நீதிபதி ஆவணங்களைப் படித்து முடிக்கும் முன்பே ஸ்டூடியோக்களில் தீர்ப்பு வந்துவிட்டது, பேசுகிறவரின் அணியைப் பொறுத்து. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் செய்ததும் இதுவே: பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டான், மறுபக்கத்தைக் கேட்கவில்லை. ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது அவன் வாதாடவில்லை. அரியணையிலேயே உயிரை விட்டான். பத்திரிகையிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. தவறான குற்றச்சாட்டு வந்த அதே முதல் பக்கத்தில் திருத்தமும் வரட்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

இறுதி ஆட்டம் நடந்தது. கூடுதல் நேரத்தில் ஜூல் குண்டே அடித்த கோலால் பார்சலோனா 3-2 என வென்றது. கடைசி நிமிடங்களில், மாற்றப்பட்டு வெளியே உட்கார்ந்திருந்த ரியல் மாட்ரிட் வீரர் அன்டோனியோ ரூடிகர் நடுவரை நோக்கி ஒரு பொருளை எறிந்தார். ஒழுங்குக் குழு அவருக்கு 6 ஆட்டங்கள் தடை விதித்தது. நடுவரின் மகன் படிக்கும் வகுப்பறைவரை அந்தக் குழுவின் அதிகாரம் எட்டாது.