விசுவாசியின் வாக்கு

2004 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநில வாக்காளர்களிடம் ஒரே நாளில் இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டன. அதிபராக ஜார்ஜ் புஷ் தொடர்வதா, ஜான் கெர்ரி வருவதா என்பது ஒன்று. ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணம் மட்டுமே செல்லும் என்று மாநில அரசமைப்பில் எழுதிவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் ஆதரவளித்தார்கள். முதலாவதில் சுமார் 1,18,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்று புஷ் வென்றார். அந்த மாநிலத்தின் 20 தேர்வாளர் வாக்குகள் கெர்ரிக்குப் போயிருந்தால் அவரே அதிபர். திருமணக் கேள்விதான் புஷ்ஷைக் கரையேற்றியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மாநிலத்தில் சுவிசேஷ சபைகள் ஒன்றுதிரண்டால் எவ்வளவு வலிமை பெறும் என்பதை அன்று எல்லாக் கட்சிகளும் புரிந்துகொண்டன.

நம்பிக்கையை வைத்து வாக்களிப்பது தவறா? தவறில்லை. மனச்சாட்சியைச் செருப்பைப் போல வாக்குச்சாவடி வாசலில் கழற்றிவிட்டு வா என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு பாப்டிஸ்ட் போதகர்தான். அவர் பேசியபோது மதத்தை அரசியலில் கலக்காதே என்று சொன்னவர்கள் நியாயத்தின் பக்கம் நிற்கவில்லை.

ஆனால் சபைக்குரிய ஒழுங்கு, சபையில் இல்லாதவருக்கும் சட்டமாகும்போது கேள்வி மாறிவிடுகிறது. ஒஹையோவின் சின்சினாட்டி நகரில் ஜிம் ஓபர்கெஃபெலும் ஜான் ஆர்தரும் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தர் நரம்புநோயால் படுத்த படுக்கையானார். 2013இல் அவரைச் சிறிய மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குக் கொண்டுபோய், ஓடுதளத்தில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டார்கள். ஆர்தர் இறந்தால் இறப்புச் சான்றிதழில் துணைவர் என்று ஓபர்கெஃபெலின் பெயரை எழுத மாநிலச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான் 2015இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றது. அப்படிப்பட்ட திருமணத்தை நடத்திவைக்க மறுக்கும் உரிமை இன்றும் சபைக்கு உண்டு. துக்கத்தில் இருப்பவரின் பெயரை அரசுத் தாளிலிருந்து நீக்கும் உரிமை அதற்கு என்றுமே இருந்ததில்லை.

இதைவிடப் பெரிய சறுக்கல் பின்னால் வந்தது. அதிபர் கிளிண்டனின் பாலுறவு விவகாரம் கொதித்த 1998இல், தலைவர்களுக்குத் தனிவாழ்க்கை ஒழுக்கம் இன்றியமையாதது என்று தென்பாப்டிஸ்ட் பேரவை தீர்மானம் போட்டது. தனிவாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவரும் பதவியில் நேர்மையாக நடக்க முடியும் என்று 2011இல் ஒரு கருத்துக்கணிப்பில் சொன்ன வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் 30 விழுக்காடு. டிரம்ப் போட்டியிட்ட 2016இல் அது 72 ஆனது. வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறியிருந்தார்.

கருவும் உயிரே என்று உளமார நம்புகிறவர், அதைக் காக்கும் நீதிபதிகளை நியமிப்பார் என்று குறையுள்ள ஒருவருக்கு வாக்களிக்கலாம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது; அதைப் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் குறையைக் குறை என்று சொல்லும் கடமையும் அந்த வாக்கோடு சேர்ந்தே வருகிறது. வேதத்தில் வரும் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனின் அரியணையைப் பறிக்கவில்லை. அரசன் செய்த பாவத்தை முகத்துக்கு நேரே சொன்னார். பில்லி கிரஹாம் நிறுவிய 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழ் 2019 டிசம்பரில் டிரம்ப் பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. பெரும்பாலான சபைத் தலைவர்கள் அந்த இதழின் பக்கம் நிற்கவில்லை. டிரம்புக்கு வாக்களித்ததைவிட, அவரைக் கண்டிக்க வாய் திறக்காததே அவர்கள் பதில் சொல்ல வேண்டிய குற்றம்.