வருத்தம் பார்க்கப் போதல்

நோய்க்கு எங்கள் ஊர்ப் பக்கம் வழங்கும் சொல் ‘வருத்தம்’. காய்ச்சலும் வருத்தம்தான், புற்றுநோயும் வருத்தம்தான். நோயாளியை வருத்தக்காரர் என்போம். அவரைச் சென்று காண்பதை வருத்தம் பார்க்கப் போதல் என்போம். உடம்பின் நோவுக்கும் மனத்தின் துயரத்துக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும் இந்தப் பேச்சுவழக்கை நான் மதிக்கிறேன். ஆனால், நாம் பார்க்கப் போவது இரண்டில் எந்த வருத்தத்தை என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டது குறைவு. எனக்கு அந்தக் கேள்வி ஒரு கொப்பியின் வழியாக வந்தது.

எனக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவர். ஓய்வுபெற்றுச் சில வருடங்களின் பின் அவருக்குத் தொண்டையில் வருத்தம் கண்டது. மஹரகமவுக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். எதிர்பார்ப்பு என்பது அதன் பொருள். என்றாலும் இந்த நாட்டில் ‘மஹரகமவுக்குப் போகிறார்’ என்று சொன்னால், என்ன வருத்தம் என்று எவரும் மறுபடி கேட்பதில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் அவரிடம், “தொண்டையில புண் வாப்பா, கரண்ட் வச்சா மாறிடும்” என்றே சொல்லி வந்தார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு நாள் அவருடைய மூத்த மகன் என்னிடம் வந்தான். கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. தலையணை உறையை மாற்றும்போது கிடைத்ததாம். “இத வாசிச்சிப் பாருங்க. எனக்கு என்ன செய்யிற எண்டு தெரியல்ல” என்றான். நான் வாசித்தேன். வாசிக்க வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவருக்கு உதவப் போகிறேன் என்ற நினைப்பு அந்தத் தோற்றத்தை மேவிவிட்டது.

முதற் பக்கங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. திகதி, குடித்த கஞ்சியின் அளவு, இரவில் எத்தனை தடவை விழித்தார் என்ற கணக்கு. பிறகு எழுத்து நீளத் தொடங்கியது. தன் வருத்தத்தின் பெயர் தனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்றும், பிள்ளைகள் உடைந்து போவார்கள் என்பதால் தெரியாதவர்போல் நடப்பதாகவும் எழுதியிருந்தார். மௌத்துக்குப் பயமில்லை, மூச்சுத் திணறுவதற்குத்தான் பயம் என்று எழுதியிருந்தார். பார்க்க வருபவர்கள் இதே வருத்தத்தில் போனவர்களின் கதையையே சொல்லிவிட்டுப் போவதையும் குறித்திருந்தார். ஓரிடத்தில், நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் பாடம் சொன்ன தன்னால் இப்போது சுபஹுத் தொழுகையில் ஃபாத்திஹாவை ஒலியோடு ஓத முடியவில்லை என்றும், அது தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். வழமையான விசாரிப்புக்குப் பிறகு, “சேர், சத்தம் வராட்டி என்ன, நாவசைச்சா போதும், அதுவும் ஏலாட்டி மனசால ஓதினாலும் அல்லாஹ்வுக்குக் கேக்கும்தானே” என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவு. அவர் என்னையே பார்த்தார். பிறகு, காற்றுப்போல வந்த குரலில், “கொப்பியப் பாத்தீங்களா தம்பி?” என்று கேட்டார். பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

“பாத்தது பெரிய காரியமில்ல. இனி எழுதக்குள்ள ஆரோ பக்கத்தில நிண்டு பாக்கிற மாதிரி இருக்கும். அதுதான்” என்றார்.

அன்றிரவு அவர் மகனைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார் என்று பிற்பாடு அறிந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. என் தவறிலிருந்து ஒரு நன்மை விளைந்தது. அதனாலேயே இக்கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. துன்பப்படுபவருக்குத் துணை நிற்பதற்காக அவருடைய மறைவான எழுத்துக்குள் நுழையலாமா? முடிவு நன்றாக இருந்தால் நுழைந்தது சரியாகிவிடுமா?

* * *

நோயாளியைத் தேடிப் போவது நம்மிடத்தில் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமல்ல. ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் நோய் விசாரித்தலும் ஒன்று என்று ஹதீஸ்கள் எண்ணிக் காட்டுகின்றன. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ் குத்ஸி ஒன்று இன்னும் ஒருபடி மேலே போகிறது. மறுமையில் இறைவன், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை வந்து பார்க்கவில்லையே என்று மனிதனிடம் கேட்பான். பசித்தவனுக்கு உணவளிக்காதது பற்றியும், தாகித்தவனுக்கு நீர் தராதது பற்றியும் அவ்வாறே கேட்பான். இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. உணவும் நீரும் கொடுத்திருந்தால் அதன் பலனை என்னிடத்தில் கண்டிருப்பாய் என்ற கருத்து வருகிறது. நோயாளியைப் பற்றிய இடத்திலோ, அவனிடத்தில் என்னையே கண்டிருப்பாய் என்ற கருத்து வருகிறது. நோயாளியின் கட்டிலருகே போகிறவன் அற்பமான ஓர் இடத்துக்குப் போகவில்லை என்பது இதன் பொருள்.

இது ‘போ’ என்ற கட்டளை. ‘நில்’ என்ற கட்டளையும் இருக்கிறது. அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டாம், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள் என்று ஸூரத்துந் நூர் போதிக்கிறது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. ஒரு மனிதன் தனக்கென எழுதும் கொப்பி அவனது வீட்டிலும் உள்ளான வீடு. கதவுள்ள வீட்டுக்கு அனுமதி வேண்டுமென்றால், கதவே இல்லாத அந்த வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்! என் தவறு அங்கேதான் நிகழ்ந்தது. ‘போ’ என்பதை மட்டும் கேட்டேன். இரண்டும் ஒரே இறைவனின் கட்டளை என்பதை மறந்தேன்.

நன்மை விளைந்ததே என்ற வாதத்துக்கும் இங்கு விடை இருக்கிறது. அந்த நன்மையை விளைவித்தது என் வாசிப்பல்ல, அவருடைய மன்னிப்பு. அவர் கோபித்துக் கொப்பியைக் கிழித்துப் போட்டிருந்தால், நான் எதைக் காட்டி என்னை நியாயப்படுத்தியிருப்பேன்? பிறருடைய பெருந்தன்மையை நம் செயலின் வரவில் எழுதிக்கொள்ள முடியாது.

* * *

வருத்தக்காரர் ஏன் எழுதுகிறார்? ‘ஸப்ரு செய்யவேண்டியவர் இப்படி எழுதலாமா’ என்று நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பொறுமை என்றால் வாய் திறவாமை என்று விளங்கி வைத்திருப்பதன் விளைவு இது. யஃகூப் (அலை) அழகிய பொறுமையைப் பற்றிப் பேசியவர். துக்கத்தால் கண்ணொளி இழந்தவரும் அவரே. அல்குர்ஆன் இரண்டையும் ஒரே ஸூராவில் சொல்கிறது. பொறுமைக்கு உவமையாக நாம் காட்டும் ஐயூப் (அலை) தனக்குத் துன்பம் தீண்டிவிட்டதென வாய்விட்டு முறையிட்டவர். இமாம் புகாரி தமது தொகுப்பில், தனக்கு வலிக்கிறது என்று நோயாளி சொல்வதற்கு அனுமதியுண்டு என்னும் கருத்தில் தனியாக ஒரு பாடமே அமைத்திருக்கிறார். அதில் ஆயிஷா (ரழி) தலைவலியால் தன் தலையைச் சொல்லி முனகும் செய்தி வருகிறது. நபி (ஸல்) அவர்கள் முனக வேண்டாம் என்று சொல்லவில்லை. தமது தலையும் வலிப்பதாகச் சொன்னார்கள். வலியை வலியால் சந்திக்கும் அந்தப் பதிலில் இருக்கும் நெருக்கம் உபதேசத்தில் இல்லை.

எழுதிய முன்னோரும் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், பக்தாத் நிஸாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்த இமாம் கஸ்ஸாலியின் நாவு பாடம் சொல்ல முடியாதவாறு பூட்டுண்டது. உணவு இறங்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். பல ஆண்டுகளின் பின் ‘அல் முன்கித் மினழ் ழலால்’ என்ற நூலில் இதை அவரே எழுதினார். ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்று அழைக்கப்பட்டவர் தன் நாவு பூட்டுண்டதை எழுத வெட்கப்படவில்லை. என் ஆசிரியரின் கொப்பியை வாசித்தபோது எனக்கு அந்தப் பக்கங்கள் ஞாபகம் வந்தன.

ஆனால் கஸ்ஸாலி எழுதியது நம் எல்லோருக்கும். ஆசிரியர் எழுதியது தனக்கு. கிளினிக் கொப்பியில் இருப்பது வைத்தியருக்கு. ஒரே நோயைப் பற்றிய எழுத்தாயினும் வாசலுக்கு வாசல் உரிமை வேறு. உலகத்துக்கென எழுதி வைத்தவர் வாசலைத் திறந்து வைத்தவர். அங்கே நுழைய அனுமதி தேவையில்லை. நுழைந்தவனுக்கு ஒரு கடமை மட்டும் இருக்கிறது.

அந்தக் கடமையை விளக்க ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாபின் வாழ்வு போதும். பஸராவை அடுத்த ஜெய்கூர் கிராமத்தவர். நவீன அரபுக் கவிதையின் வடிவத்தை மாற்றியவர்களில் ஒருவர். நரம்புத் தளர்ச்சி நோயால் கால்கள் செயலிழந்துவர, இலண்டனில் சிகிச்சை பெற்ற நாட்களில் ஐயூப் நபியின் பெயரால் ‘ஸிஃப்ர் ஐயூப்’ என்ற கவிதைத் தொடரை எழுதினார். தந்த துன்பத்துக்காக இறைவனைப் புகழும் குரலும், வீட்டையும் பிள்ளைகளையும் நினைத்து உருகும் குரலும் அதில் கலந்து வரும். அரபுலகம் அதைப் படித்து வியந்தது. அவரோ வறுமையில் உழன்றார். இறுதி மாதங்களில் குவைத்தின் அமீரி மருத்துவமனையில் இருந்தார். நாற்பது வயதை எட்டாமலே 1964 டிசம்பர் 24இல் அங்கேயே காலமானார். குவைத் கவிஞர் அலி அஸ்ஸப்தி அந்த நாட்களில் அவருக்குத் துணையாக நின்றார். ஜனாஸாவோடு ஈராக் வரைக்கும் போனவரும் அவரே. கவிதையை வாசித்தவர்கள் ஆயிரமாயிரம். அதை எழுதியவரின் கட்டிலருகே வந்து நின்றவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இலக்கியக்காரராகிய நமக்கு இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. துன்பத்தின் எழுத்தைப் படிமம் என்றும் மொழிநடை என்றும் ரசித்து, அதற்கு விமர்சனமும் எழுதிவிட்டு, எழுதியவரின் சுகத்தை விசாரிக்காமல் விடுவது நமக்கு வாடிக்கை. மறைவான கொப்பியை அனுமதியின்றித் திறப்பது ஒரு தவறு. திறந்து வைத்த கொப்பியை வாசித்துவிட்டு எழும்பிப் போவது இன்னொரு தவறு. இரண்டில் எது பெரிதென்று என்னால் நிறுக்க முடியவில்லை.

* * *

போனவன் என்ன செய்யவேண்டும்? புகாரியில் வரும் ஒரு நிகழ்வு. காய்ச்சலில் கிடந்த முதிய நாட்டுப்புற அரபி ஒருவரைப் பார்க்க நபி (ஸல்) அவர்கள் சென்றார்கள். நோயாளிகளிடம் வழமையாகச் சொல்வதுபோல், பரவாயில்லை, இது பாவத்திலிருந்து தூய்மையாக்கும் என்று ஆறுதல் கூறினார்கள். கிழவர் அதை ஏற்கவில்லை. இது கிழவன் ஒருவனைக் கொதிக்கவைத்து மண்ணறைக்கு அனுப்பும் காய்ச்சல் என்றார். அப்படியானால் அப்படியே ஆகட்டும் என்றார்கள் நபியவர்கள். நல்வாக்கை மறுத்த அந்த மனிதரின் குறையையே உரையாசிரியர்கள் இதில் காட்டுவர். அது சரியே. எனக்கு இன்னொன்றும் தென்படுகிறது. உலகின் மிகச் சிறந்த விசாரிப்பாளரின் ஆறுதலே ஒரு நோயாளியிடம் செல்லாமல் போனது. அவர்களும் அந்த இடத்தில் தர்க்கம் செய்து கிழவரை வாயடைக்கவில்லை. நம் சொல் எடுபடாவிட்டால் நோயாளியோடு வாதாடும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணியின் செய்தி இன்னும் ஆழமானது. நோய் வரும்போது தன் ஆடை விலகிவிடுகிறது, துஆச் செய்யுங்கள் என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பொறுத்திருந்தால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்காகத் துஆச் செய்கிறேன் என்று அவர்கள் தெரிவை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தெரிந்தார். ஆனால், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. நோயோடு வாழத் துணிந்த ஒருவருக்கும் பிறர் கண்ணில் தன் மறைவு கலைவது தாங்க முடியாததாக இருந்தது. ஆடை விலகுவது உடம்பில் மட்டும் நடப்பதல்ல. என் ஆசிரியரின் கொப்பியை நான் திறந்தபோது விலகியது எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆகவே உதவியின் முதல் வார்த்தை கேள்வியாக இருக்கவேண்டும். ‘என்ன வேணும்’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் கேட்பதில்லை. விழுங்க முடியாதவருக்கு அப்பிளும் ஹோர்லிக்ஸும் கொண்டுபோகிறோம். போத்தலை மேசையில் வைத்துவிட்டு நூறு வைத்தியம் சொல்கிறோம். கிளினிக் நாளில் கூடப்போக ஆளில்லாததும், இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவிக்கு ஒரு பகல் தூக்கம் கிடைக்காததும் நம் கண்ணில் படுவதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பின்னும் நான் அவரிடம் போனேன். போக வெட்கமாக இருந்தது. போகாதிருப்பது அதைவிட வெட்கம். “நான் என்ன செய்யணும் சேர்?” என்று மட்டும் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “ஒண்ணும் சொல்லாம கொஞ்சம் இரிங்க” என்றார். இருந்தேன். பிறகு வந்த கிளினிக் நாட்கள் சிலவற்றில் அவரோடு மஹரகமவுக்குப் போய்வந்தேன். வரிசையில் காத்திருக்கும் நேரங்களில் சில சமயம் அவராகவே பேசுவார். கொப்பியில் நான் வாசித்தவை சில அந்தப் பேச்சில் வந்தன. அவர் வாயால் வந்தபோது அவை வேறாக இருந்தன. திருடி வாசித்ததில் எனக்குத் தெரிந்தது அவருடைய நோவு மட்டுமே. அவர் தந்தபோதுதான் என்மீது அவர் வைத்த நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வந்தது.

அவர் வபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. கொப்பி எங்கே இருக்கிறதென்று அவருடைய மகனிடம் நான் கேட்கவில்லை.