போட்டியும் கொடையும்

பத்துத் தச்சர்களை அழைத்து, "ஆளுக்கொரு கதவு செய்து வாருங்கள், எங்களுக்குப் பிடித்த கதவுக்கு மட்டும் கூலி தருவோம்" என்று கூறத் துணிபவர் யாரும் இலர். கூறினால், அத்தெருவில் மறுநாள் அவர் தலைகாட்ட இயலாது. ஆனால் ஓவியரிடம் இவ்வாறு கேட்பது உலக வழக்காகிவிட்டது. அதற்குப் 'போட்டி' என்னும் அழகிய பெயரையும் நாம் சூட்டியிருக்கிறோம். இவ்வழக்கு நீதிக்கு உகந்ததுதானா என்னும் கேள்வி, கணினி உலகின் ஒரு பகுதியில் நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. கேள்வி கணினியைப் பற்றியது அன்று. மனித உழைப்பின் மதிப்பைப் பற்றியது. ஆகவே நாமும் அதைச் சிந்திப்பது தகும்.

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம். அக்கட்டளைகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவதே கட்டற்ற மென்பொருள். 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் இக்கொள்கையை முன்வைத்து 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் இயங்குதள மூலத்தை வெளியிட்டார். பல நாட்டு மக்கள் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து இவற்றை வளர்த்தனர். பின்னாளில் பெரும் நிறுவனங்களும் ஊதியம் கொடுத்து ஆட்களை இப்பணியில் ஈடுபடுத்தின.

இத்தகைய திட்டங்களுக்குச் சின்னம் வேண்டும். திரையை அணி செய்யும் படம் வேண்டும். ஓவியரை அமர்த்தப் பொருள் இல்லாதபோது அவை பொதுமக்களை அழைத்தன. டெபியன் திட்டத்தின் செந்நிறச் சுழி, 1999-இல் நடந்த போட்டியின் வழியே ரால் சில்வா வரைந்தளித்தது. 2005-இல் ஃப்ரீபிஎஸ்டி திட்டம் போட்டி நடத்தி, ஆன்டன் குரால் வரைந்த சின்னத்தைத் தேர்ந்தது. கேடீஈ குழுவினர், 2024 பிப்ரவரியில் வெளிவந்த தம் 'பிளாஸ்மா 6' பதிப்பின் திரைப்படத்துக்காக முந்திய ஆண்டே போட்டி அறிவித்து, மடிக்கணினி ஒன்றைப் பரிசாக வைத்தனர்.

இதை மறுப்போர் கூறுவது யாது? உழைப்பை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, கூலியைத் தம் விருப்பத்துக்கு விட்டுவைப்பது தொழிலையே அழிக்கும் என்கின்றனர். 1914-இல் தோன்றிய அமெரிக்க வரைகலைஞர் அமைப்பாகிய ஏஐஜிஏ, இவ்வாறு ஊதிய உறுதியின்றி ஊகத்தின் பேரில் வேலை வாங்குவதை நெடுங்காலமாக எதிர்த்து வந்துள்ளது. நல்ல சின்னம் என்பது வரைபவரும் வரையச் சொல்பவரும் கலந்து பேசி உருவாக்க வேண்டியது. போட்டியிலோ கலந்துரையாடலுக்கு இடமில்லை என்பதும் அவர்கள் வாதம்.

மறுமொழி கூறுவோரும் வலுவாகவே பேசுகின்றனர். "இங்கே கட்டளை எழுதுபவரும் கூலி கேளாமலே எழுதுகிறார், பிழை திருத்துபவரும், பிறமொழியில் பெயர்ப்பவரும் அவ்வாறே. ஓவியர் மட்டும் தம் கலையைக் கொடையாக அளிக்கக் கூடாதா?" என்கின்றனர். கொடுக்க விரும்புபவரின் கையைத் தடுப்பதும் ஒருவகை அநீதியே அன்றோ?

அரபு மொழிச் சட்ட நூல்கள் இவ்விடத்தில் நமக்கு மூன்று சொற்களைத் தருகின்றன. 'உஜ்ரத்' என்பது வேலைக்கு உரிய, முன்னரே அறியப்பட்ட கூலி. 'ஹிபா' என்பது கைம்மாறு கருதாத கொடை. 'ஜுஆலா' என்பது, "தொலைந்த என் ஒட்டகத்தைத் தேடிக் கொணர்பவருக்கு இவ்வளவு தருவேன்" என்று பொதுவாக அறிவிக்கும் வெகுமதி. ஜுஆலாவில் தேடி அலைந்து வெறுங்கையுடன் திரும்பியவருக்கு எதுவும் கிடையாது. ஓவியப் போட்டி இம்மூன்றனுள் எதைச் சேர்ந்தது?

மேலோட்டமாக நோக்கின் ஜுஆலா போலவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின் வேறுபாடு புலப்படும். ஒட்டகத்தைத் தேடித் தோற்றவர் எதையும் கொண்டுவரவில்லை. ஓவியப் போட்டியிலோ நூறு பேரும் ஆளுக்கொரு ஒட்டகத்தை ஓட்டிவந்து வாசலில் நிறுத்துகின்றனர். வீட்டுக்காரர் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு மற்றவர்களைப் போகச் சொல்கிறார். மறுப்போரின் வாதத்தில் உள்ள வலிமை இதுவே. வாணிக நிறுவனம் ஒன்று இலாபத்தின் பொருட்டு இவ்வாறு செய்யுமாயின், அதைக் கூலி மறுத்தல் என்று கூற எனக்குத் தயக்கம் இல்லை.

தாமும் கொடையால் வாழ்ந்து பிறர்க்கும் கொடையே அளிக்கும் குழுவின் நிலை வேறு. அங்கே படம் தருபவர் அக்குழுவில் ஒருவராகவே தருகிறார். அது ஹிபாவை ஒத்தது. எனினும் கொடைக்கும் ஒரு மரியாதை உண்டு. கொடுத்தவரை வரிசையில் நிறுத்தி, "உன் கொடை வேண்டாம்" என்று காரணம் கூறாமல் திருப்பி அனுப்புவது அம்மரியாதை ஆகாது.

கட்டளை எழுதுவோருக்கும் ஓவியருக்கும் இடையே இத்திட்டங்களில் நிலவும் வேற்றுமை இவ்விடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் திருத்தம் ஒன்றை எழுதி அனுப்பினால், மூத்தவர்கள் அதைப் படிக்கின்றனர்; இந்த வரி பிழை, அந்த வரியை மாற்றுக என்கின்றனர். அவர் திருத்தி மீண்டும் அனுப்புகிறார். ஏற்கப்படாவிடினும் பெரும்பாலும் காரணம் அறிகிறார், அறிந்து வளர்கிறார். போட்டிக்குப் படம் அனுப்பியவருக்குக் கிடைப்பதோ தீர்ப்பு மட்டுமே. ஒருவருக்குக் கல்வியும் மற்றவருக்குக் குலுக்கல் சீட்டும் வழங்குவது சமநீதி ஆகாது.

இதை நான் நூலில் கற்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் மாணவர் கையெழுத்து இதழ் ஒன்றுக்கு முகப்பு எழுதும் போட்டி வைத்தேன். முப்பதுக்கு மேற்பட்ட தாள்கள் வந்தன. ஒன்றைத் தேர்ந்தேன், மற்றவற்றை எங்கோ வைத்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு சிறுவன் வந்து, "ஹஜ்ரத், என்னுடையதில் என்ன குறை?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அவன் தாளை நான் நன்றாகப் பார்த்திருக்கவே இல்லை. "அப்படியானால் அதைத் திருப்பித் தாருங்கள்" என்றான். தேடினேன், கிடைக்கவில்லை. பரிசு தராதது என் குற்றம் அன்று. பார்க்காததும், பாதுகாக்காததுமே என் குற்றம்.

லினக்ஸின் பென்குயினை எண்ணிப் பாருங்கள். பென்குயின் வேண்டும் என்னும் டோர்வால்ட்ஸின் விருப்பத்தை அறிந்து, 1996-இல் லாரி யூயிங் 'கிம்ப்' என்னும் கட்டற்ற வரைகருவியால் அதை வரைந்தார். லினக்ஸுக்குச் சின்னம் தேட நடந்த போட்டிகள் மூன்று. அவற்றுள் ஒன்றிலும் அப்படம் வெல்லவில்லை. ஆயினும், தம் பெயரையும் வரைகருவியின் பெயரையும் கேட்போருக்குக் கூறினால் போதும், எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று அவர் அனுமதி அளித்தார். வென்ற படத்தை இன்று நினைவுகூர்வோர் அரியர். தோற்ற பென்குயினோ உலகமெங்கும் லினக்ஸின் முகமாக விளங்குகிறது. போட்டி காணத் தவறியதைக் கொடை வாழவைத்தது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அப்படம் தோற்றபின் தொலைந்துபோகவில்லை. தொலைந்திருப்பின் இக்கதையே இல்லை.

ஆகவே போட்டியே கூடாது என்று நான் கூறேன். நடத்துவோர்மீது சில கடமைகள் உண்டு என்பேன். கூலி தரும் வசதி உடையோர் போட்டியை நாடாமல் கூலி கொடுத்தே வேலை வாங்க வேண்டும். வசதியற்றோர், தீர்ப்பவர் யார், அளவுகோல் யாது என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். தோற்ற படம் வரைந்தவருக்கே உரியதாக நிற்க வேண்டும். அவர் விரும்பினால் வென்ற படத்தோடு அதுவும் பொதுக் களஞ்சியத்தில் அவர் பெயரோடு இடம்பெற வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, முதல் வரைவைப் பெற்றதும் கலந்து பேசி, திருத்தச் சொல்லி, கட்டளை எழுதுவோருக்குக் காட்டும் அதே கவனத்தை ஓவியருக்கும் காட்ட வேண்டும்.

பரிசு ஒருவருக்கே கிட்டும், அதில் தவறில்லை. "என்னுடையதில் என்ன குறை?" என்னும் கேள்விக்கு விடையோ அனைவருக்கும் உரியது. அவ்விடையை அளிக்க நேரமில்லாதவர், நூறு பேரை உழைக்குமாறு அழைக்க உரிமை உடையவரா என்பதைத் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளட்டும்.