பிரம்படி யார் முதுகில் விழுகிறது?



ஒரு மாணவன் ஆசிரியரை எதிர்த்துப் பேசும் காணொளி வாட்சாப்பில் சுற்ற ஆரம்பித்தால் போதும், கோயில் அன்னதானக் கூடத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "எங்க காலத்துல வாத்தியார் ரோத்தான எடுத்தாலே கால் நடுங்கும். இப்ப யாருக்கும் பயமில்ல" என்பார் ஒரு பெரியவர். "அடிச்சா பிள்ள திருந்திடுமா? அப்படின்னா உங்க காலத்துல கேங்கே இருந்திருக்கக் கூடாதே" என்று திருப்பிக் கேட்பார் இன்னொருவர். சாப்பாடு முடியும், வாதம் முடியாது. இரண்டு பேருக்குமே நம் பிள்ளைகள் மீது அக்கறை உண்டு. ஆகவே இந்த முறை அந்தக் கேள்வியை நம் சமயத்திடமே கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். மலேசியப் பள்ளிகளில் பிரம்படி இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் அதற்கு எல்லை போட்டிருக்கின்றன. தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோதான் அடிக்கலாம். ஆண் பிள்ளைகளை மட்டும்தான். மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைக்கு மேலே பின்புறத்திலோ மட்டும்தான். இது தவிர எச்சரிக்கை, தற்காலிக நீக்கம், பள்ளியை விட்டே நீக்கம் என்று வரிசை போகிறது. இன்னொரு பக்கம் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார், நன்னடத்தைக்குப் புள்ளி போடும் பதிவும் இருக்கிறது. கருவிகளுக்குக் குறைவில்லை. எதை எடுப்பது, எந்த மனத்தோடு எடுப்பது என்பதுதான் கேள்வி.

பிரம்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது திருவிளையாடற் புராணத்தில் வரும் மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சோமசுந்தரப் பெருமானே கூலியாளாக வந்தார். பிட்டை வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் வேலையைச் செய்யவில்லை. ஆடினார், பாடினார், படுத்துத் தூங்கினார். கண்காணிப்பவர்கள் புகார் சொன்னார்கள். மன்னன் வந்து பார்த்தான். எல்லார் பங்கும் அடைபட்டிருக்கிறது, வந்தியின் பங்கு மட்டும் திறந்து கிடக்கிறது. பிரம்பை எடுத்து அடித்தான். அந்த அடி மன்னன் மேல் விழுந்தது. அரசி மேல், அமைச்சர் மேல், கரையில் நின்ற அத்தனை பேர் மேலும் விழுந்தது. எல்லா உயிர் மேலும் விழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புகார் பொய்யில்லை. அந்தக் கூலியாள் உண்மையிலேயே வேலை செய்யவில்லை. மன்னன் அடைபடாத கரையைப் பார்த்தான்; அந்தப் பங்கு யாருடையது, அவளுக்கு ஏன் ஆள் இல்லை என்று கேட்கவில்லை.

நம் வகுப்பறைக்கு வாருங்கள். கடைசி வரிசையில் ஒருவன் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான். தூங்குவது தப்புதான். ஆனால் நேற்று இரவு பாசார் மாலாமில் அம்மாவோடு கடையை எடுத்து வைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனது எத்தனை மணிக்கு? அவன் பின்னாலும் ஒரு வந்தி இருக்கலாம். கேட்காமல் ஓங்கும் பிரம்பு அவனோடு நிற்பதில்லை. அது அவன் அம்மா மேல் விழுகிறது, தம்பி தங்கை மேல் விழுகிறது, கடைசியில் சமுதாயத்தின் முதுகில் விழுகிறது.

அப்படியானால் தண்டனையே கூடாது என்று நம் சமயம் சொல்கிறதா? இல்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இறைவன் உயிர்களுக்குத் துன்பம் தருவதை, சொல் கேளாத பிள்ளையைத் தாய் தந்தை கண்டித்து அடிப்பதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாச்சாரியார். நம் பெரியவர்கள் இதற்கு மறக்கருணை என்று பெயர் வைத்தார்கள். கோபமாகத் தெரியும், உள்ளே இருப்பது கருணை. ஆனால் உவமை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது பெற்றவர்கள் மேல் நிற்கிறது. அடித்த பிறகும் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுகிறவர்கள் அவர்கள், கைவிடாதவர்கள். கைவிடாத கைக்குத்தான் கண்டிக்கும் உரிமை. கண்டித்துவிட்டு "இனி இவன் எக்கேடு கெட்டால் என்ன" என்று விட்டுவிட்டால், அதில் மறம் இருக்கிறது, கருணை எங்கே?

பெரிய புராணத்தில் விசாரசருமர் என்ற சிறுவன் வருகிறார். பின்னாளில் சண்டேசுர நாயனார் ஆனவர். மாடு மேய்ப்பவன் ஒரு பசுவைக் கோலால் அடிப்பதைப் பார்க்கிறார். அது முட்ட வந்த பசு என்பதால் அவன் அடித்தான். சிறுவர் தடுக்கிறார். அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. "இனி நானே மேய்க்கிறேன்" என்று பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். தினமும் புல் இருக்கும் இடம் தேடி ஓட்டிப்போகிறார், தண்ணீர் காட்டுகிறார், நிழலில் நிறுத்துகிறார். பசுக்கள் முன்னைவிட அதிகமாகப் பால் தந்தன. அவர் வரலாற்றின் பின்பகுதி வேறு ஒரு பாடம். இன்றைக்கு இந்த முன்பகுதி போதும்.

"அடிக்காதீங்க" என்று சொல்வது சுலபம். ஃபேஸ்புக்கில் யாரும் எழுதலாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை வற்றக் கத்தும் ஆசிரியருக்கு நாம் என்ன உதவி செய்தோம்? அடியைத் தடுக்கிறவன் மேய்க்கவும் வர வேண்டும். இளைஞர்களுக்கு விசாரசருமர் வைத்துப்போன கணக்கு இதுதான்.

எங்கள் கோயில் சமய வகுப்புக்கு வரும் ஒரு தம்பி, படிவம் 2இல் படிக்கும்போது, வகுப்பு நடுவில் ஆசிரியரைக் கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டான். இரண்டு வாரம் பள்ளி நீக்கம். "ஸ்கூல் வேணாம்ணே. மாமா பட்டறைக்கே போறேன்" என்றான். வயது 14. வகுப்பு நடத்தும் அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இந்த ரெண்டு வாரம் இவன் நம்ம பிள்ள." இரவில் மாற்றி மாற்றி உட்கார்ந்து கணிதமும் மலாய்மொழியும் சொல்லிக்கொடுத்தோம். அந்த நாட்களில் ஒரு நாள் அவனுக்குச் சுந்தரர் கதையைச் சொன்னேன். மணப்பந்தலில் வந்து "நீ எனக்கு அடிமை" என்று ஓலை காட்டிய கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார், ஓலையைக் கிழித்தார். இறைவன் திருவெண்ணெய்நல்லூர் சபையில் முறையாக வழக்குப் பேசி வென்றார். பிறகு பாடச் சொன்னார். எப்படித் தொடங்குவது என்று கேட்டபோது, ஏசிய அதே சொல்லாலேயே தொடங்கு என்றார். திட்டிய வாயே பாடும் வாயானது. "அப்போ சாமி பனிஷ் பண்ணலையா?" என்று தம்பி கேட்டான். "பண்ணல. ஆனா விடவும் இல்ல" என்றேன்.

அவன் திட்டியது வகுப்பு முன்னால். ஆகவே மன்னிப்பும் வகுப்பு முன்னால்தான் கேட்க வேண்டும் என்று அக்கா உறுதியாக இருந்தார். கேட்டான். ஆசிரியர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, "சரி, புத்தகத்த எடு" என்று பாடத்தைத் தொடங்கினாராம். அந்தத் தம்பி இப்போது படிவம் 3. மகானாகிவிடவில்லை; முடி வெட்டாமல் போய்ப் பெங்காவாஸிடம் மாட்டிக்கொள்கிறான். ஆனால் பள்ளியில் இருக்கிறான்.

நான் பொறியியல் படிக்கிறவன். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தருவது, திருத்தும் முன் அளந்து பார் என்பது. விலகல் எவ்வளவோ அதற்கேற்பத் திருத்த வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் இயந்திரம் நிலைக்கு வராது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பிக்கும். ரொம்பத் தாமதமாகத் திருத்தினாலும் அதே ஆட்டம்தான். சட்டை வெளியே தொங்கியதற்கும் சண்டையில் மண்டையை உடைத்ததற்கும் ஒரே தண்டனை என்றால் பிள்ளையும் ஆடத்தான் செய்வான். ஒரு வருஷம் பொந்தேங் அடித்த பிறகு முதல் முறையாகக் கூப்பிட்டு விசாரித்தாலும் அப்படித்தான்.

ஆகவே தோழர்களே, உங்கள் வட்டாரத்தில் ஒரு பிள்ளை பள்ளி நீக்கம் செய்யப்பட்டால், அந்த நாட்களில் அவன் எங்கே போகிறான் என்று பாருங்கள். நாம் கூப்பிடாவிட்டால் அவனைக் கூப்பிட வேறு ஆள் தெருமுனையில் தயாராக நிற்கிறான். கோயில் மண்டபத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட எந்த அனுமதிக் கடிதமும் பெரிய பட்ஜெட்டும் வேண்டாம். பெற்றோர் கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, மலாய்மொழியில் பேசத் தயங்கினால் கூடப் போங்கள். சண்டை போடப் போகாதீர்கள். என்ன நடந்தது என்று கேட்கப் போங்கள்.

பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. மன்னன் கேட்கவில்லை என்பதால் வெள்ளம் நிற்காது. உங்கள் பங்குக் கரையை நீங்கள்தான் அடைக்க வேண்டும். முடியவில்லை என்றால் வந்தி போல யாரிடமாவது சொல்லுங்கள். ஆள் வரும்.

திருச்சிற்றம்பலம்.