வராமல் போக முடிந்தவர்கள்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பாடம் சொல்லித்தர வந்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதைவிட முக்கியம், அதிகாரமும் கிடையாது. பிரம்பு இல்லை, பெயிலாக்கப் பரீட்சை இல்லை. எதிரே உட்கார்ந்தவர்கள் பகலெல்லாம் கல் உடைத்தும் களை பறித்தும் அலுத்து வந்த பெண்கள். “இதுகூட வரலையா?” என்று ஒரு சொல் விழுந்தால் போதும், மறுநாள் அந்த அம்மா வரமாட்டார். துணைக்கு வந்தவரும் நின்றுவிடுவார். ஆகவே தப்பாக எழுதிய ‘அ’வைப் பார்த்தும், “சுழி நல்லா வந்திருக்கும்மா, காலை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுங்க” என்றுதான் பேசியாக வேண்டும்.

ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார். தெருவில் கேலியும் ஆபாசப் பேச்சும் கிளம்பின. ஆனாலும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று எழுதுகிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். சைக்கிள் பழகிய யாருக்கும் தெரியும், “பிடிச்சிருக்கேன், பயப்படாம மிதிக்கா” என்று பின்னாலிருந்து வரும் குரல் பாதிப் பொய். கை எப்போதோ கேரியரை விட்டிருக்கும். நான் அறிந்த இன்சொற்களில் அதற்குத்தான் முதலிடம் தருவேன்.

ஜவுளிக்கடையில் “வாங்கண்ணே, உட்காருங்க” என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. நாம் அடுத்த கடைக்குப் போய்விடலாம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். முதியோர் உதவித்தொகை மனுவோடு தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கிழவிக்கு அடுத்த அலுவலகம் எது? அங்கே “போயிட்டு நாளைக்கு வா” என்று ஒருமையில் வருகிறது பதில். அரசு மருத்துவமனை வரிசையிலும் அதே தொனிதான்.

அலுவலர்களைச் சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. நாளெல்லாம் போனில் “சார், சார்” என்று குழைந்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். காது மந்தமான அம்மா இரண்டாம் முறை கேட்டதும், “எத்தனை தடவை சொல்றது?” என்று எரிந்து விழுகிறோம். அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியம். கேட்டால், எனக்குக் கொஞ்சம் முன்கோபம் என்கிறோம். அந்த முன்கோபம் மேலதிகாரியிடம் ஒருநாளும் வந்ததில்லை.