முதலில் நீதிபதி, பிறகு கண்காணிப்பு

சுவிஸில் வாழும் உறவுகளே,

விசாரணை ஏதுமின்றி ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை அடைத்துவைக்க ஓர் அமைச்சரின் கையொப்பமே போதும் என்றது இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச்சட்டம். அந்தக் கையொப்பத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் நம்மில் பலர். இன்று சிவப்புக் கடவுச்சீட்டும் வாக்குரிமையும் கிடைத்துவிட்டன. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டதா?

2021 ஜூன் 13 அன்று, பயங்கரவாதத்துக்கு எதிரான பொலிஸ் நடவடிக்கைச் சட்டத்தை இந்நாட்டில் வாக்களித்தவர்களில் 56.6 வீதத்தினர் ஏற்றுக்கொண்டார்கள். ஆபத்தானவர் என்று கருதப்படும் ஒருவரை, இன்னாரோடு பேசாதே, இந்த எல்லையைத் தாண்டாதே என்று மத்திய பொலிஸ் கட்டுப்படுத்தலாம். அவர் அதற்குக் கட்டுப்படுகிறாரா என்று கைபேசி வழியே பின்தொடரலாம். இவை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். முன்கூட்டியே நீதிமன்ற ஒப்புதல் வேண்டியது வீட்டுக்காவலுக்கு மட்டுமே. மற்றவற்றில் பாதிக்கப்பட்டவர்தான் பிறகு நீதிமன்றப் படியேற வேண்டும்.

இதே நாட்டின் உளவுத்துறை ஒரு தொலைபேசியை ஒட்டுக்கேட்க வேண்டுமானால், சென் காலனில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றத்திடம் முதலில் அனுமதி பெற வேண்டும். உளவுத்துறைக்கு முடிவது பொலிஸுக்கு ஏன் முடியாது?

"குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் 1989ஐ நினைக்க வேண்டும். மொறிற்ஸ் லொயென்பெர்கர் தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு, மத்திய பொலிஸ் சேர்த்துவைத்திருந்த சுமார் 9 இலட்சம் கோப்பு அட்டைகளை வெளிக்கொணர்ந்தது. எழுத்தாளர் மக்ஸ் ஃபிரிஷ் பல பத்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டார். ஒரு பெண் அரசியல்வாதி மாலையில் பியர் விரும்பிக் குடிப்பார் என்பதும் அரச பாதுகாப்புக் குறிப்பாகப் பதிவானது. கேட்க ஒரு நீதிபதி இல்லாதபோது வெறும் சந்தேகமே வேலையாகிவிடுகிறது. 1990 மார்ச்சில் பல்லாயிரம் பேர் பேர்ணில் தெருவில் இறங்கினார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கோப்பைக் காட்டும்படி எழுதிக் கேட்டார்கள். அவர்களை யாரும் தேசத்துரோகிகள் என்று நாடு கடத்தவில்லை.

ஆகவே, அடுத்த முறை வாக்கு கேட்டு ஒரு தலைவர் நம் மண்டபத்துக்கு வரும்போது, மாலை போட்டுப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: கண்காணிக்க உத்தரவிடுபவர் யார்? அதற்கு முன் அதைச் சரிபார்க்கும் நீதிபதி யார்? முடிந்த பிறகு, கண்காணிக்கப்பட்டவருக்கு அதைச் சொல்வீர்களா? மழுப்பினால் திரும்பவும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாக்குச்சீட்டில் பதில் சொல்லுங்கள்.

வாக்குரிமை இல்லாதவர்களும் ஒதுங்க வேண்டாம். மனு எழுதும் உரிமையை இந்நாட்டு அரசியலமைப்பு எல்லோருக்கும் தந்திருக்கிறது. புதிய சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவர நூறு நாளில், வாக்குரிமை உள்ள 50,000 பேரின் கையெழுத்துப் போதும். அங்கே ஒரு கையொப்பம் நம்மைத் துரத்தியது. இங்கே நம் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அதைச் சும்மா வைத்திருக்காதீர்கள்.