நாணமா, உயிரா?

நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்பர். அந்த அணிகலனே உயிருக்கு உலை வைக்குமாயின், கழற்றி எறிவதா, காத்துக் கிடப்பதா?

கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்வினைப் பயனன்று, தலையெழுத்துமன்று. அதற்கு வேரான வைரஸை 1983-இல் கண்டு காட்டினார் செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன். இன்று தடுப்பூசியே இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. நீர்த்த அமிலம் தடவிச் செவிலியர் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை, அவ்வளவே! சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த சாவு, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது. ஆனால் அழைத்தும் வாராதோர் மூவரில் ஒருவருக்கு மேல்! நாட்கூலி போகுமே என்ற கவலையும் இருந்திருக்கலாம். ஏழைக்கு அது சிறு கவலையன்று. எனினும், 'அந்த இடத்து நோயை' வாய்விட்டுச் சொல்லக் கூசும் கூச்சத்தை ஊட்டியவர் யார்?

நோயை வென்ற தாய்மார்கள் குழுவாகக் கூடித் தம் கதையைப் பலரறியச் சொல்கின்றனர். மானக்கேடாம், சிலர் முணுமுணுக்கின்றனர்! மருத்துவர் ஆயிரம் சொல்லியும் அசையாதவள், 'எனக்கும் வந்தது, பிழைத்தேன்' என்பவளின் பின்னே நடக்கிறாளே, அதுவா மானக்கேடு?

தோழர்களே, மேடைதோறும் பெண்ணுரிமை முழங்குகிறோம். "சோதனை செய்துகொண்டாயா அம்மா?" என்று வீட்டில் கேட்டதுண்டா? இதை எழுதும் நாமும் இன்னும் கேட்கவில்லை.